மாலையில் கிழக்கே பார்த்தவர்

1882 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் வெளிவந்த 'நேச்சர்' என்னும் ஆங்கில அறிவியல் வார இதழில் ஒரு சிறு கடிதம் அச்சாயிற்று. எழுதியவர் விஞ்ஞானி அல்லர். இயேசு சபைக் குரு ஒருவர். இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பகுதியிலுள்ள ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்து வந்தவர். கதிரவன் மேற்கே மறையும் வேளையில், அதற்கு நேர் எதிரே கீழ்வானத்தில், நிழற்கதிர்கள் விசிறியைப்போல் விரிந்து நிற்பதைத் தாம் கண்டதாக அவர் அக்கடிதத்தில் தெரிவிக்கின்றார். சீன நாட்டில் ஷாங்காய் நகரையடுத்த சிக்காவெய் வானாய்வு நிலையத்தின் தலைவரும் இயேசு சபைக் குருவுமான மார்க் தெஷெவ்ரென் என்பவர் இதே காட்சியைப் பற்றி முந்திய வாரத்து இதழில் எழுதியிருந்தார். அது சீனத்துக்கு மட்டும் உரிய அதிசயமன்று, இங்கிலாந்திலும் காணக்கூடியதே என்பது நம் ஆசிரியரின் வாதம். காண்பதற்கு அது அரிதாயிருப்பதற்குக் காரணம் வானமன்று, மனிதரே. எல்லாரும் மாலையில் மேற்கையே பார்த்து நின்றால் கிழக்கில் நடப்பது எவர் கண்ணில் படும் என்று அவர் குறைப்படுகின்றார். வானவில்லை அறியாதவர் இல்லை. அதைவிடப் பலமுறை தோன்றும் சூரிய வட்டத்தைக் கண்டவரோ வெகு சிலர் என்று சான்றும் காட்டுகின்றார்.

இக்கடிதத்தை எழுதியவர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் அடிகளார். இன்று ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த கவிஞர். அன்று அவரைக் கவிஞரென்று அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவருடைய கேள்வி நம் கீழைக் கடற்கரையில் வாழ்வோருக்குச் சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். நாகையிலும் வேளாங்கண்ணியிலும் தூத்துக்குடியிலும் மாலையில் காற்று வாங்கச் செல்வோர் யாவரும் கிழக்கு நோக்கித்தானே அமர்கின்றனர்! நமக்குக் கதிரவன் முதுகுக்குப் பின்னே, ஊருக்கும் பனைகளுக்கும் அப்பால் மறைகின்றான். ஆயினும் நாம் பார்ப்பது கடலை, கரை திரும்பும் மரங்களையும் படகுகளையும், விளையாடும் சிறுவரை. கடலுக்கு மேலே நீலமும் வெளிர்சிவப்புமாய் எழுந்து நிற்கும் கோடுகளைக் கண்டும் காணாதவர்களாகவே எழுந்து வீடு திரும்புகின்றோம். நாமும் அவ்வாறே பல்லாண்டுகள் திரும்பியவர்களே. ஹாப்கின்சின் கடிதத்தைப் படித்த பின்னரே அக்கோடுகளுக்கு ஒரு காரணம் உண்டென்பதும் தெரிந்தது. மேற்கேயுள்ள முகில்களின் நிழல்கள் வானமெங்கும் இணைகோடுகளாக ஓடுகின்றன. நீண்ட தண்டவாளத்தின் நடுவே நின்று பார்ப்பவனுக்கு இரு திசைகளிலும் இருப்புப்பாதைகள் ஒன்றுகூடுவதாகத் தோன்றுவதுபோல், அந்நிழல்களும் மேற்கில் கதிரவனிடத்தும் கிழக்கில் அதற்கு நேர் எதிர்ப்புள்ளியிடத்தும் ஒன்றுகூடுவதாகத் தோன்றுகின்றன. அவ்வளவே.

இப்படிப் பார்க்கும் கண் ஒருவருக்கு எங்ஙனம் வாய்த்தது, அக்கண்ணுக்குத் துறவு வாழ்வில் என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் நோக்க விழையும் வரலாறு.

ஹாப்கின்ஸ் 1844 ஜூலை 28 இல் ஓர் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயிலும்போதே கத்தோலிக்க விசுவாசத்தால் ஈர்க்கப்பட்டு, 1866 அக்டோபர் 21 இல், 2019 இல் புனிதராக உயர்த்தப்பட்ட ஜான் ஹென்றி நியூமன் அடிகளாரால் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். குடும்பத்தார்க்கு அது பெரும் துயரம். இரண்டாண்டுகளுக்குப் பின், 1868 செப்டம்பரில், இலண்டனுக்கு அருகே ரோஹாம்ப்டனிலுள்ள இயேசு சபையின் நவதுறவகத்தில் சேர்ந்தார். சேருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அவ்வாண்டு மே மாதத்தில், தாம் அதுவரை எழுதிய கவிதைகளைத் தீக்கிரையாக்கினார். தம் அழைத்தலுக்குக் கவிதை இடையூறாகும் என்று எண்ணியவர், மேலாளர் விரும்பினாலன்றி இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தார். அம்முடிவை ஏழாண்டுகளுக்கு மேல் காத்தார்.

கவிதையை விட்டார்; ஆனால் நாட்குறிப்பை விடவில்லை. 1866 மே மாதம் தொடங்கி 1875 பிப்ரவரி வரை அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அதைத் திறப்பவர் ஒரு துறவியின் ஆன்ம போராட்டங்களை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார். பக்கம் பக்கமாக அதில் இருப்பது வானம். இன்று முகில் எத்திசையிலிருந்து வந்தது, அதன் விளிம்பு எவ்வாறு கலைந்தது, மழை விட்டபின் மலையின் நிறம் எதுவாயிற்று, நிலவைச் சுற்றி வட்டம் இருந்ததா, ஓக் மரம் எந்நாளில் தளிர்த்தது, பனி எப்படி உறைந்தது. ரோஹாம்ப்டன் நவதுறவகத்தில் ஒரு கடுங்குளிர் நாளில், கழிப்பிடத்துக் கற்பலகைமேல் உறைந்த பனி செடிகொடிக் கோலமாகப் படர்ந்திருந்ததைக்கூட அவர் விடவில்லை. 1871 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், உண்ணாநோன்பு நாட்களில் குருமாணவர்க்குக் கொடுக்கப்பட்ட சூடான சாக்லேட் பானத்தின்மேல் ஆவி எழுந்து திரள்வதை உற்றுநோக்கி, மலைமேல் முகில் உண்டாகும் விதத்தோடு ஒப்பிடுகின்றார். நோன்பு நாளில் மற்றவர்கள் கோப்பையின் உள்ளே பார்க்க, அவர் கோப்பையின் மேலே பார்த்தார் என்று சொல்லலாம்.

இந்நாட்குறிப்பில் ஒரு வெற்றிடம் உண்டு. 1869 ஆம் ஆண்டு ஜனவரி 25 முதல் ஜூலை 25 வரை எழுதியவை மிகச் சொற்பம். காரணத்தை அவரே ஒரு வரியில் கூறிச் செல்கின்றார்: அந்த ஆறு மாதங்களும் அவர் மேற்கொண்டிருந்த ஒறுத்தல் அவரை அதிகம் பார்க்கவிடவில்லை. கண்களைத் தாழ்த்திக் காத்தல் அக்காலத் துறவியர் யாவரும் அறிந்த தவமுயற்சி. மற்றவர்க்கு அது ஒழுக்கப் பயிற்சி. இவருக்கோ உணவை விடுவதைக் காட்டிலும் கடினமான நோன்பாய் இருந்திருக்க வேண்டும். தொடங்கிய நாளைக் கவனியுங்கள்: ஜனவரி 25, புனித பவுல் மனந்திரும்பிய திருநாள். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் பார்வையிழந்தவரின் விழாவன்று இவர் தம் பார்வையைக் காணிக்கையாக்கினார். இது தற்செயலா, தேர்ந்தெடுத்ததா என்று அவர் சொல்லவில்லை. ஓர் இளவேனிலும் பாதிக் கோடையும் அவருக்கு அவ்வாறு கழிந்தன. பிறகு கண்கள் மீண்டும் உயர்ந்தன, நாட்குறிப்பும் நிறைந்தது.

1870 செப்டம்பரில் முதல் வார்த்தைப்பாடு அளித்தபின், மெய்யியல் கற்க அவர் ஸ்டோனிஹர்ஸ்டுக்கு அனுப்பப்பட்டார். ஹாடர், ரிப்பிள் என்னும் ஆறுகளும், பெண்டில் என்னும் நெடுங்குன்றும், ஓயாத மழையும் உள்ள ஊர். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே, செப்டம்பர் 24 இரவில், வடதுருவ ஒளியை வாழ்வில் முதன்முறையாகக் கண்டார். ஒளிக்கீற்றுகள் எழுந்தும் அடங்கியும் ஆடியதைத் துல்லியமாக எழுதிவிட்டு, மனிதரின் நாட்கணக்குக்கும் ஆண்டுக்கணக்கும் கட்டுப்படாத வேறொரு காலத்தில் அது நிகழ்வதாகவும், இறுதித் தீர்ப்பின் நாளை நோக்கியே அது இயங்குவதாகவும் தமக்குத் தோன்றியதென்றும், இறைவனுக்குப் புதிய சாட்சி ஒன்று கிடைத்ததுபோல் இன்பமும் அச்சமும் கலந்த ஓர் உணர்வு ஏற்பட்டதென்றும் கூறுகின்றார். நாட்குறிப்பில் அவர் கடவுளைப் பெயர்சொல்லிப் பேசும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே பேசும் இடத்தில் நாம் சற்று நின்றுதான் செல்லவேண்டியுள்ளது.

ஸ்டோனிஹர்ஸ்டில் வானத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர் மட்டுமன்று. அங்கே 1838 இல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1860 களில் பிரித்தானிய அரசு வானிலையைத் தொடர்ந்து பதிவு செய்ய ஏழு முதன்மை நிலையங்களைத் தேர்ந்தபோது, கியூ, பால்மவுத், அர்மா, கிளாஸ்கோ, அபர்டீன், வாலன்சியா ஆகியவற்றோடு இந்த இயேசு சபைக் கல்லூரியும் இடம்பெற்றது. அதன் தலைவர் ஸ்டீபன் பெரி அடிகளார் அரச கழகத்தின் உறுப்பினர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் அரிய நிகழ்ச்சியைக் காண 1874 இல் தென்கடலிலுள்ள கெர்குலன் தீவுக்கும், 1882 இல் மடகாஸ்கருக்கும் சென்றவர். அதே நூற்றாண்டில் ஹவானா நகரில் பெனிட்டோ வின்யெஸ் அடிகளார் 1875 இல் புயல் வருவதை முன்னறிவித்தார். மணிலாவில் பெதரிக்கோ பவ்ரா அடிகளார் 1879 இல் அதையே செய்தார். இவ்விருவரும் இயேசு சபையினரே. மறைப்பணியோடு காற்றழுத்தமானியையும் கையிலேந்திய தலைமுறை அது.

பெரி அடிகளாரிடம் கருவிகள் இருந்தன. காற்றின் வேகம், அழுத்தம், ஈரம், வெப்பம் யாவும் நாள்தோறும் எண்களாயின. அதே வளாகத்தில் நடந்த ஹாப்கின்சிடமோ கண்களும் ஒரு குறிப்பேடும்தான். எண்களாக மாற்ற முடியாததை அவர் தொகுத்தார். மேகங்களுக்கு லூக் ஹோவர்ட் என்னும் இலண்டன் மருந்து வணிகர் 1802 இல் சூட்டிய இலத்தீன் பெயர்கள் அப்போது எங்கும் வழங்கின. ஹாப்கின்சும் அவற்றை அறிவார், தேவையானபோது பயன்படுத்துவார். ஆனால் அவற்றோடு நிற்கவில்லை. உழவரும் தோட்டக்காரரும் துணைச் சகோதரர்களும் பேசிய வட்டார வழக்குகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தச் சொல்லும் போதாதபோது தாமே ஒன்றை ஆக்கிக்கொண்டார். ஒவ்வொரு பொருளும் தனக்கேயுரிய ஓர் உள்வடிவம் உடையது என்றும், அவ்வடிவத்தை நிலைநிறுத்திக் காண்பவன் உள்ளத்தில் பதிக்கும் ஓர் உள்விசை உண்டென்றும் அவர் கருதி, இரண்டுக்கும் புதுச்சொற்களைப் படைத்தார். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்திருக்கும் மொழிக்குரிய நமக்கு அவர் முயற்சி அந்நியமாகத் தோன்றாது. காற்றுக்கெல்லாம் காற்று என்று ஒரே பெயரிட்டுத் திருப்தியடையும் இக்காலத்து நம் நகரவாசிகளுக்கு வேண்டுமானால் தோன்றலாம்.

உடன் வாழ்ந்தோர் இவற்றையெல்லாம் எவ்வாறு எடுத்துக்கொண்டனர்? கல்லூரியின் முதிய துணைச் சகோதரர் ஒருவர் பிற்காலத்தில் சொன்ன செய்தி புகழ்பெற்றது. மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் ஹாப்கின்ஸ் வெளியே ஓடுவாராம். நடைபாதையில் நொறுக்கிப் போட்டிருந்த வெண்கற்கள் ஈரத்தில் மின்னுவதைக் குனிந்து, குந்தியமர்ந்து, பார்த்துக்கொண்டேயிருப்பாராம். ஈரமணலை இப்படி முறைக்கும் இளைஞர் கொஞ்சம் புத்தி பேதலித்தவரோ என்றே சகோதரர்க்குத் தோன்றிற்று. நாம் அச்சகோதரரைக் குறைகூற மாட்டோம். நம் குருமடம் ஒன்றில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் அதிபர் தந்தையிடம் யாரேனும் ஒருவர் சொல்லித்தான் இருப்பார்.

1872 ஆகஸ்டில் கல்லூரி நூலகத்தில் தன்ஸ் ஸ்கோட்டஸ் என்னும் பிரான்சிஸ்கன் சபை மெய்யியலாரின் நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஒவ்வொரு பொருளுக்கும் பொதுத்தன்மைக்கு மேலாக, இது இதுவே என்று சொல்லத்தக்க தனித்தன்மை ஒன்று உண்டென்பது ஸ்கோட்டஸின் போதனை. தாம் பார்த்துப் பார்த்து உணர்ந்ததற்கு ஒரு திருச்சபை அறிஞரே ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு அடித்தளமிட்டிருப்பதைக் கண்ட மகிழ்ச்சியில், அதன்பின் வானிலோ கடலிலோ ஓர் உள்வடிவத்தைக் காணும்போதெல்லாம் ஸ்கோட்டஸை நினைத்ததாக எழுதுகின்றார். சபையின் கல்விமுறையோ புனித தாமஸ் அக்குவினாசையும் அவரை விளக்கிய சுவாரெசையும் தழுவியது. ஸ்கோட்டஸ் மீது கொண்ட இப்பற்று இறையியல் தேர்வில் அவருக்கு இழப்பை உண்டாக்கியது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

பார்க்கும் கண்ணுக்கு வலியும் உண்டு. 1873 ஏப்ரல் 8 அன்று தோட்டத்து மூலையிலிருந்த ஆஷ் மரம் ஒன்றை வெட்டினார்கள். வெட்டும் ஓசை கேட்டு எட்டிப் பார்த்த அவருக்குப் பெரும் வேதனை உண்டாயிற்று; உலகின் வடிவங்கள் இவ்வாறு அழிவதைக் காண்பதினும் சாவதே மேல் என்று ஒரு கணம் எண்ணியதாக நாட்குறிப்பு கூறுகின்றது. மிகைதான். எனினும் அது பிறர் படிக்க எழுதப்பட்ட மிகையன்று.

இந்நாட்குறிப்பைப் பற்றி நமக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். அதில் முகில்கள் மிகுதி, மனிதர் குறைவு. ஒரு மாலை வானத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குபவர், உடனிருக்கும் தோழரின் மறைவை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கின்றார். லங்காஷயர் அக்காலத்தில் பருத்தி ஆலைகளின் நாடு. அம்மக்களின் வாழ்வு நாட்குறிப்பில் தொலைவில் தெரியும் புகையளவே இடம் பெறுகின்றது. குருப்பட்டத்துக்குப் பின்னர், லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் ஏழைத் தொழிலாளரிடையே பணியாற்றிய ஆண்டுகளில்தான் அக்குறை நீங்கிற்று. நகர வாழ்வின் அவலம் தம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டதென்று நண்பர்க்கு அவர் எழுதிய கடிதங்களில் வானம் இல்லை. ஆலைப்புகை மூடிய ஊர்களில் வானம் இருந்தாலன்றோ எழுதுவதற்கு!

1874 இல் இறையியல் கற்க வட வேல்சிலுள்ள புனித பியூனோ கல்லூரிக்குச் சென்றார். நாட்குறிப்பு 1875 பிப்ரவரியோடு நின்றுவிடுகின்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல் கடும் பனிப்புயலில் சிக்கி தேம்ஸ் ஆற்று முகத்துக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் மோதியது. இறந்தோருள், திருச்சபைக்கு எதிரான பிரஷ்யச் சட்டங்களால் நாடு கடத்தப்பட்ட பிரான்சிஸ்கன் அருட்சகோதரியர் ஐவர் இருந்தனர். இதைப் பற்றி யாரேனும் கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று அதிபர் சொன்ன ஒரு சொல், ஏழாண்டு மௌனத்தைத் திறந்துவிட்டது. புயலும் பனியும் காற்றும் வெறும் அலங்காரமாயின்றிக் கவிதையின் உயிராகவே அமைந்த நீண்ட பாடல் அது. 1878 மார்ச் 24 இல் 'யூரிடிசி' என்னும் போர்க்கப்பல் திடீர்ப் பனிச்சூறையில் கவிழ்ந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது மற்றொன்றும் எழுதினார். இரண்டையும் இயேசு சபையாரின் 'தி மன்த்' என்னும் மாத இதழுக்கு அனுப்பினார். இரண்டையும் அவ்விதழ் வெளியிடவில்லை.

கத்தோலிக்க மாத இதழ் ஒன்றில் இதை எழுதும்போது நமக்கு ஒருவகை நாணம் உண்டாகாமலில்லை. ஆசிரியர் ஹாப்கின்சின் நண்பர்; தீய எண்ணம் அவரிடம் இல்லை. பழகாத யாப்பும் முறுக்கிய நடையும் வாசகரைக் குழப்பும் என்று அஞ்சினார். இவ்வச்சத்துக்கு ஆளாகாத ஆசிரியர் குழு எங்கேயும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: திருச்சபையின் இதழ் ஒதுக்கிய அதே கண்ணும் சொல்லும் சில ஆண்டுகள் கழித்து ஓர் அறிவியல் இதழில் இடம்பெற்றன.

1882 இல் அவர் ஸ்டோனிஹர்ஸ்டுக்கு ஆசிரியராகத் திரும்பினார். முன் நடந்த பாதைகள், முன் பார்த்த குன்று. இப்போது அவர் நாட்குறிப்புக்குப் பதில் கடிதங்கள் எழுதினார். கீழ்வான நிழற்கதிர்களைப் பற்றி 1882 நவம்பரில் ஒன்று. 1883 நவம்பரில் மீண்டும் ஒன்று. இரண்டாவது கடிதம் வெளியான சில நாட்களிலேயே இங்கிலாந்தின் மாலை வானம் பற்றி எரியத் தொடங்கியது.

அந்நெருப்பு மூண்ட இடம் வெகு தொலைவு. 1883 ஆகஸ்ட் 26, 27 நாட்களில் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கட்டோவா எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. பெரும்பாலும் கடற்கோளால் 36,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் அப்பாலுள்ள ரொட்ரீகஸ் தீவில் அவ்வோசை பீரங்கி முழக்கம்போல் கேட்டது. வானின் மேலடுக்கில் ஏறிய நுண்துகள்களும் கந்தக ஆவியும் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றின.

நம் முன்னோரும் அதற்குச் சாட்சிகள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கதிரவன் பச்சையாக உதித்துப் பச்சையாக மறைந்தான். சில வேளைகளில் நீலமாக. சென்னை வானாய்வுக்கூடத்தில் அரசு வானியலாரான நார்மன் பாக்சன் இதைப் பதிவு செய்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிக்கி ஸ்மித் அவ்வொளியை நிறமாலைமானியில் பகுத்துப் பார்த்து, நீராவிக்குரிய கரும்பட்டைகள் வலுத்திருந்ததைக் குறித்தார். ஒரே அளவான நுண்துகள்கள் காற்றில் நிறைந்திருக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக அவை செவ்வொளியை மிகுதியாகச் சிதறடித்து நீலத்தையும் பச்சையையும் கடந்துவரச் செய்யும் என்பது பின்னர் அறியப்பட்ட விளக்கம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் புண் ஆறாத காலம் அது. மழை பொய்த்து ஊர்கள் சுடுகாடானதைக் கண்ட மக்கள் பச்சைச் சூரியனை எத்தகைய நெஞ்சோடு பார்த்திருப்பர்! அப்பஞ்சமே, கதிரவனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய ஒரு மலைநிலையம் வேண்டும் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது. 1899 இல் கொடைக்கானலில் அந்நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராயிருந்தவர் பச்சைச் சூரியனைப் பகுத்துப் பார்த்த அதே மிக்கி ஸ்மித்தான். அம்மலைச் சரிவில், செண்பகனூரில், இயேசு சபையார் 1895 இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவியிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

நவம்பர் இறுதியில் அந்தத் தூசி ஐரோப்பிய வானை அடைந்தது. கதிரவன் மறைந்து நெடுநேரம் ஆனபின்னும் மேல்வானம் சிவந்து எரிந்தது. அமெரிக்காவின் பொகீப்சி நகரில் எங்கோ தீப்பற்றியதென்று தீயணைப்பு வண்டிகள் புறப்பட்டன. இலண்டனில் வில்லியம் ஆஸ்கிராப்ட் என்னும் ஓவியர் தேம்ஸ் கரையில் அமர்ந்து மாலைதோறும் வண்ணக்குச்சிகளால் தீட்டித் தீட்டி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்த்தார். 'நேச்சர்' இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. இவை வழக்கமான செவ்வானங்களே, மக்கள் வீணாக வியக்கின்றனர் என்று கருதியவர்களும் இருந்தனர்.

இங்கேதான் பதினேழாண்டுக் காலம் வானம் பார்த்த ஒருவரின் பயிற்சி கைகொடுத்தது. 1884 ஜனவரி 3 இதழில் வெளியான ஹாப்கின்சின் கடிதம் அவர் எழுதியவற்றுள் நீண்டது. வழக்கமான செவ்வானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகின்றார். இது தோன்றும் நேரம் வேறு. நீடிக்கும் காலம் வேறு. ஒருமுறை ஒளிர்ந்து அடங்கியபின் மீண்டும் ஒளிர்கின்றது. நிறங்கள் அமையும் வரிசை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒளியின் தன்மையே வேறு: சாதாரணச் செவ்வானம் தெளிவும் பளபளப்பும் உடையது, இதுவோ மங்கி, அழற்சி கண்ட தசையின் நிறத்தை ஒத்தது. டிசம்பர் 16 மாலை வானத்தை அவர் வருணிக்கும் பகுதியில் ஒவ்வொரு நிறமும் எங்கே தொடங்கி எங்கே மற்றொன்றில் கரைகின்றது என்பதை நாம் இன்றும் கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். கருவி எதுவும் அளந்து தராத செய்தி அது. அழற்சி கண்ட தசை என்னும் உவமை கவிஞருடையதா, விஞ்ஞானியுடையதா? இரண்டையும் பிரிக்க இயலாத இடத்தில் அவர் நின்றார் என்பதே நம் கருத்து. வழக்கமான செவ்வானம் எப்படியிருக்கும் என்பதைப் பல்லாண்டு எழுதி வைத்தவனுக்கன்றி, இன்றைய வானம் வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்லும் உரிமை வேறு யாருக்கு உண்டு?

மத்தேயு நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில், மாலையில் வானம் சிவந்திருந்தால் நல்ல வானிலை என்று சொல்லத் தெரிந்தவர்களைப் பார்த்து ஆண்டவர் கடிந்து பேசுவதை நாம் அறிவோம். வானத்தின் தோற்றத்தை அறிந்தும் காலத்தின் அறிகுறிகளை அறியவில்லையே என்பது அக்கடிந்துரை. மறையுரைகளில் அதன் இரண்டாம் பாதியே விரிக்கப்படுவது வழக்கம். ஆனால் முதற்பாதியில் ஆண்டவர் வானம் பார்ப்பதைப் பழிக்கவில்லை என்பதையும், கலிலேய மீனவர்களோடு நடந்தவர் மாலை வானத்தைத் தாமும் பார்த்தவராகவே பேசுகின்றார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1884 பிப்ரவரியில் ஹாப்கின்ஸ் டப்ளினுக்கு அனுப்பப்பட்டார். பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியர். குவியல் குவியலாகத் தேர்வுத்தாள்கள் திருத்த வேண்டியவர். அங்கிருந்து அவ்வாண்டு அக்டோபரில், கதிரவனைச் சுற்றித் தெரிந்த செந்நிற வட்டத்தைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு மீண்டும் எழுதினார். அதன்பின் வந்த ஆண்டுகள் இருண்டவை. தனிமையும் உடல்நலிவும் இறைவன் மறைந்துகொண்டார் என்னும் உணர்வும் அக்காலத்துப் பாடல்களில் நிறைந்துள்ளன. 1888 ஜூலையில் ஒருநாள், பெருமழைகளுக்கு இடையே காற்றும் வெயிலுமாய் விடிந்த பொழுதில், அவர் நடக்கச் சென்றார். முகில்களின் ஓட்டத்தில் தொடங்கி, உலகெல்லாம் எரிந்தழியும் நெருப்பைக் கடந்து, உயிர்ப்பின் நம்பிக்கையில் முடியும் ஒரு கவிதை அந்நடையில் பிறந்தது.

மறு ஆண்டு ஜூன் 8 இல் டைபாய்டு காய்ச்சலால் அவர் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. ஸ்டோனிஹர்ஸ்டின் பெரி அடிகளாரும் அதே 1889 ஆம் ஆண்டு டிசம்பரில், தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் முழுச் சூரிய மறைப்பைப் பதிவு செய்த ஐந்தாம் நாள், வயிற்றுக்கடுப்பால் கப்பலிலேயே உயிர்நீத்தார். ஹாப்கின்சின் கவிதைகளை நண்பர் இராபர்ட் பிரிட்ஜஸ் 1918 இல்தான் நூலாக வெளியிட்டார். 750 படிகள், இரண்டாம் பதிப்பு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. வானக் குறிப்புகள் நிறைந்த நாட்குறிப்பு 1937 இல் அச்சேறியது. அவர் உயிரோடிருந்த நாளில் தம் எழுத்தை அச்சில் கண்ட இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, ஓர் அறிவியல் வார இதழில், நம்மவர் எவரும் திரும்பிப் பாராத மாலைக் கிழக்கைப் பற்றிய அந்தச் சிறு கடிதம்.